கப்பலில் ஏறிய கன்று, ஏறாத அடுப்பு

பவுண்டிக் கப்பலில் நடந்த கலகத்தை ஹாலிவுட்காரர்கள் திரும்பத் திரும்பப் படமாக்கியிருக்கிறார்கள். 1935இல் கிளார்க் கேபிள் நடித்தார், 1962இல் மார்லன் பிராண்டோ, 1984இல் மெல் கிப்சன். எல்லாவற்றிலும் சண்டை கப்டன் வில்லியம் பிளைக்கும் அவருக்குக் கீழிருந்த பிளெட்சர் கிறிஸ்டியனுக்கும்தான். யார் கொடுமைக்காரன், யார் நியாயவான் என்று இருநூறு வருடத்துக்கு மேலாக வழக்குப் பேசுகிறார்கள். நான் சமையலைப் பற்றி எழுதுகிறவள். எனக்கு அந்த வழக்கில் அக்கறையில்லை. கப்பலின் பின்னறையில் வரிசை வரிசையாக நின்ற ஆயிரம் ஈரப்பலாக் கன்றுகளின் மேல்தான் என் கண். அவற்றின் காயை யார் சாப்பிட வேண்டுமென்று அந்தக் கப்பல் புறப்பட்டது? சாப்பிடப்போகிறவர்களை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா? படங்களில் இதற்குப் பதில் கிடைக்காது. சரித்திரத்தில் கிடைக்கும்.

ஈரப்பலா நம்முடைய பலாவுக்கு நெருங்கிய சொந்தம். தாவரவியலில் இரண்டும் ஆர்டோகார்பஸ் என்ற ஒரே பேரினம். ஈரப்பலாவின் மூதாதை நியூகினியாப் பக்கத்து மரம். அதன் பழம் முழுக்கக் கொட்டை. அங்கிருந்து தோணியேறிய மக்கள் அதைத் தீவு தீவாகக் கிழக்கே கொண்டுபோனார்கள். நல்ல காயாகப் பார்த்துப் பார்த்து நட்டதில் கொட்டை குறைந்துகொண்டே வந்தது. தஹிட்டி, மார்க்கேசாஸ் தீவுகளை எட்டியபோது பெரும்பாலான வகைகளில் விதையே இல்லை. விதையில்லாத மரத்தைக் காகம் பரப்பாது, வெள்ளம் பரப்பாது. நிலத்துக்கு மேலே தெரியும் வேரைச் சற்றுக் காயப்படுத்தினால் அந்த இடத்தில் கன்று கிளம்பும். அதை வெட்டியெடுத்து, வேர்பிடிக்க வைத்து, உப்புக்காற்றில் வாடாமல் தோணியில் காத்துக் கொண்டுபோக வேண்டும். ஆகவே அந்தத் தீவுகளில் நிற்கும் ஒவ்வொரு மரத்துக்கும் பின்னால் ஒரு மனிதக் கை இருக்கிறது.

அந்தக் கை மரத்தை மட்டும் கொண்டுபோகவில்லை. அடிமரத்தில் தோணி குடைந்தார்கள். இளங்கிளையின் பட்டையை அடித்துத் துணியாக்கினார்கள். பாலைக் காய்ச்சித் தோணியின் இடுக்குகளை அடைத்தார்கள், பறவை பிடிக்கவும் பூசினார்கள். ஆண் பூவை உலர்த்திக் கொளுத்தி நுளம்பு விரட்டினார்கள். எல்லாவற்றுக்கும் மேலே சமையல். தஹிட்டியில் தரையில் குழி தோண்டி, விறகெரித்து, கல்லைப் பழுக்கக் காய்ச்சுவார்கள். காயை அதன்மேல் அடுக்கி, இலையும் மண்ணும் போட்டு மூடிவிடுவார்கள். மார்க்கேசாஸில் சுட்ட காயை மரப்பலகையில் வைத்துக் கல் உலக்கையால் குத்திப் பசையாக்கினார்கள். அதற்குப் போப்போய் என்று பெயர்.

பருவத்தில் ஒரே மரம் நூறு, இருநூறு காய் கொடுக்கும். பறித்த காயோ மூன்று நான்கு நாளில் குழைந்துவிடும். பசிபிக்காரர்கள் இதற்குக் கண்ட வழியைப் படித்தபோது அசந்துபோனேன். பழுக்கத் தொடங்கிய காயைத் தோல் சீவி, நடுக்கட்டையை எடுத்துவிட்டு, இலை பரப்பிய குழிக்குள் நிரப்பி, மேலே இலை மூடிக் கல் ஏற்றிவிடுவார்கள். உள்ளே அது புளித்து, கட்டியான மாவாகிவிடும். தஹிட்டியில் அதை மாஹி என்றார்கள், சமோவாவில் மாசி. வேண்டும்போது எடுத்துப் பிசைந்து சுடலாம். குழியைப் பராமரித்தால் மாதக்கணக்கில் இல்லை, வருடக்கணக்கில் இருக்கும். சூறாவளி வந்து மரத்தை உலுக்கிக் காயெல்லாம் கொட்டினால் உடனே பொறுக்கிக் குழியில் போட்டுவிடுவார்கள். அடுத்த பருவம் வரை ஊர் பசியில்லாமல் கிடக்கும். காற்றடிக்கும் தீவில் வாழ்கிறவர்களுக்கு அந்தக் குழிதான் களஞ்சியம்.

ஐரோப்பியர் கண்ணுக்கு இந்தக் குழி பெரிதாகப் படவில்லை. 1686இல் குவாம் தீவுக்கு வந்த வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கில மாலுமி காயை மட்டும் பார்த்தார். அடுப்பில் தோல் கருகச் சுட்டு, கருகலைச் சுரண்டினால் உள்ளே பாணின் சதைபோல வெள்ளையாக, மென்மையாக இருக்கிறது என்று எழுதினார். 1769இல் கப்டன் குக்கோடு தஹிட்டிக்குப் போன ஜோசப் பேங்க்ஸ் இன்னும் ஒரு படி போனார். ஒருவன் தன் வாழ்நாளில் பத்து மரம் நட்டால் போதும், அதற்கு ஒரு மணி நேர வேலைதான், தனக்கும் தன் சந்ததிக்கும் செய்ய வேண்டிய கடமையை அவன் முடித்துவிட்டான் என்பது அவருடைய கணக்கு. குழி தோண்டியதும், விறகு சுமந்ததும், உலக்கை பிடித்ததும், மாவைப் பக்குவம் பார்த்ததும் அந்தக் கணக்கில் இல்லை. உழைக்காமல் மரத்திலிருந்து விழும் பாண் என்ற கதை இங்கிலாந்து முழுக்கப் பரவியது.

அந்தக் கதையைக் காது கொடுத்துக் கேட்டவர்கள் மேற்கிந்தியத் தீவுகளின் கரும்புத் தோட்ட முதலாளிகள். ஜமேக்காவில் லட்சக்கணக்கான ஆப்பிரிக்க அடிமைகள் கரும்பு வெட்டினார்கள். நல்ல நிலமெல்லாம் கரும்புக்கு. அடிமைகளுக்கு மலைச்சரிவில் ஒரு துண்டு நிலம் கொடுத்து, ஞாயிற்றுக்கிழமைகளில் கிழங்கும் வாழையும் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். மிச்சத்துக்கு வட அமெரிக்கக் குடியேற்றங்களிலிருந்து சோளமும் உப்பு மீனும் வந்தன. அமெரிக்க விடுதலைப் போர் மூண்டதும் அந்த வரத்து நின்றது. போர் முடிந்து 1783இல் அமெரிக்கக் கப்பல்கள் தன் தீவுகளோடு வியாபாரம் செய்யக்கூடாதென்று பிரிட்டன் தடை போட்டது. நடுவில் 1780இலிருந்து 1786 வரை சூறாவளி மேல் சூறாவளி. 1780க்கும் 1787க்கும் இடையில் பட்டினியாலும் அதனால் வந்த நோயாலும் 15,000 அடிமைகள் இறந்தார்களென்று ஜமேக்கா சட்டசபையே கணக்குச் சொன்னது. முதலாளிகளுக்கு அது உயிர்க்கணக்கு அல்ல, முதல் நட்டம். நிலமும் கேட்காமல், வேலைநேரமும் கேட்காமல் ஆளுக்குச் சோறு போடும் மரம் ஒன்று இருக்கிறதென்றால் விடுவார்களா? பேங்க்ஸின் சிபாரிசில் அரசாங்கம் ஒரு கப்பல் வாங்கியது.

பெத்தியா என்ற நிலக்கரிக் கப்பல் 1,950 பவுணுக்கு வாங்கப்பட்டு பவுண்டி ஆனது. கப்டனுக்குரிய பின்புறப் பெரிய அறையைக் கன்றுகளுக்குக் கொடுத்தார்கள். தரைக்கு மேலே இன்னொரு தளம் போட்டு, சாடி உட்கார அளவான துளைகள் வெட்டினார்கள். கீழே ஈயத்தகடு விரித்து, ஊற்றிய தண்ணீர் வடிந்து மூலையில் சேர வழி செய்தார்கள். சேர்ந்த தண்ணீரைத் திரும்ப ஊற்றலாம். வெளிச்சத்துக்குக் கூரையில் கண்ணாடி, குளிருக்கு ஓர் அடுப்பு. அந்தக் கப்பலில் ஈரப்பலாவுக்கென்று ஏறிய ஒரே அடுப்பு அதுதான். அதுவும் கன்றுக்குக் குளிர்காய. இவ்வளவும் செய்து மாலுமிகள் 46 பேரையும் மீதியிருந்த இடத்தில் நெருக்கிப் போட்டார்கள்.

1787 டிசம்பரில் புறப்பட்டு, 1788 ஒக்டோபரில் தஹிட்டி. பிளை அங்கே செய்த தந்திரத்தை அவரே எழுதி வைத்திருக்கிறார். தீவின் தலைவர் டைனாவிடம், எங்கள் மன்னர் ஜோர்ஜ் உங்களுக்கு இத்தனை பரிசு அனுப்பியிருக்கிறாரே, பதிலுக்கு நீங்கள் ஒன்றும் அனுப்ப மாட்டீர்களா என்று கேட்டார். டைனா தன்னிடம் உள்ளதையெல்லாம் அடுக்கிக்கொண்டே போனார். அதில் ஈரப்பலாவும் வந்தது. ஆ, அதுதான் மன்னருக்குப் பிரியம் என்றார் பிளை. ஒரு ராஜா இவ்வளவு எளிய பொருளுக்கு ஆசைப்படுகிறாரே என்று தலைவருக்குச் சந்தோஷம். அந்தக் கன்று எங்கே போகிறது, யாருக்குப் போகிறது என்று அவருக்குச் சொல்லவில்லை.

கன்றுகள் வேர்பிடித்துப் பயணத்துக்குத் தேறும்வரை ஐந்து மாதத்துக்கு மேல் காத்திருந்தார்கள். 774 சாடி, 39 தொட்டி, 24 பெட்டி, எல்லாமாக 1,015 கன்றுகள். 1789 ஏப்ரல் முதல் வாரம் புறப்பட்ட கப்பலில் அந்த மாதம் 28ஆம் திகதி கலகம். பிளையும் 18 பேரும் 23 அடிப் படகொன்றில் இறக்கிவிடப்பட்டார்கள். சுமார் 3,600 கடல்மைல் தாண்டி அவர்கள் திமோர் போய்ச் சேர்ந்தது பெரிய கடல் சாதனை. கன்றுகளைப் பேணிய தோட்டக்காரர் டேவிட் நெல்சன் அந்தப் படகில் தப்பி, திமோரில் காய்ச்சலில் இறந்தார். அவருடைய உதவியாளர் வில்லியம் பிரவுன் கலகக்காரர் பக்கம் நின்றுவிட்டார். கன்றுகளைக் கலகக்காரர்கள் கடலில் வீசினார்கள்.

அரசாங்கம் விடவில்லை. 1791இல் அதே பிளையை பிராவிடன்ஸ் என்ற பெரிய கப்பலில், துணைக்கு இன்னொரு கப்பலோடு அனுப்பியது. இந்தமுறை 2,000க்கு மேல் ஈரப்பலாக் கன்றுகள். திரும்பும் வழியில் குடிதண்ணீர் தட்டுப்பட்டபோது முதல் பங்கு கன்றுக்குத்தான். தோட்டக்காரர் தண்ணீர் சுமந்துபோகும் படிகளில் சிந்திய சொட்டுகளை மாலுமிகள் நக்கினார்களென்று, அந்தக் கப்பலில் பயிற்சி அதிகாரியாக இருந்த மத்தியூ ஃபிளிண்டர்ஸ் பிற்காலத்தில் எழுதினார். பின்னால் ஆஸ்திரேலியாவைச் சுற்றி வந்து வரைபடம் போட்ட அதே ஃபிளிண்டர்ஸ்தான். 1793 ஜனவரியில் செயின்ட் வின்சென்ட், பிப்ரவரியில் ஜமேக்கா. ஏறிய கன்றுகளில் சுமார் மூன்றில் ஒரு பங்கு உயிரோடு வந்து சேர்ந்தது. ஜமேக்கா சட்டசபை பிளைக்கு 1,000 கினி பரிசு கொடுத்தது. கன்றுகளோடு வந்த தோட்டக்காரர் ஜேம்ஸ் வைல்ஸ் தீவிலேயே தங்கி மரங்களைப் பார்த்துக்கொண்டார். மரம் செழித்தது. மூன்று நான்கு வருடத்தில் காய்த்தும் விட்டது.

அடிமைகள் சாப்பிடவில்லை.

இதை நன்றிகெட்டதனம் என்று முதலாளிகள் முணுமுணுத்தார்கள். காய்த்ததைப் பன்றிக்குப் போட்டார்கள். சமைக்கிற எனக்கு இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. அவர்கள் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்கள். வள்ளிக்கிழங்கையும் வாழைக்காயையும் எப்படி அவிப்பது, எப்படி இடிப்பது, எதோடு தொட்டுக்கொள்வது என்று அவர்களுக்குத் தலைமுறை தலைமுறையாகத் தெரியும். அந்தக் கிழங்கை அவர்கள் தங்கள் மலைத்துண்டில் தாங்களே போட்டார்கள். மிஞ்சியதை ஞாயிறு சந்தையில் விற்று நாலு காசு பார்த்தார்கள். அந்தத் துண்டு நிலம் அவர்களுக்குச் சாப்பாட்டைவிடப் பெரிய விஷயம். இப்போது முதலாளி ஒரு மரத்தை நட்டு, இனி இதைத் தின்னு, உனக்கு நிலமும் வேண்டாம், நேரமும் வேண்டாம் என்கிறார். யார் தின்பார்கள்? சமைக்கும் வழியையும் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. மண் அடுப்பு வரவில்லை, கல் உலக்கை வரவில்லை, புளிக்குழி வரவில்லை. சூறாவளியில் பட்டினி கிடந்து செத்த தீவுக்கு, சூறாவளிக்கென்றே சேமிப்பு கண்டுபிடித்த மக்களின் மரத்தைக் கொண்டுவந்தவர்கள், அந்தச் சேமிப்பை தஹிட்டியிலேயே விட்டுவிட்டு வந்தார்கள். பல வகைகள் சேர்ந்து நின்றால் மாற்றி மாற்றிக் காய்த்துப் பருவத்தை நீட்டும் என்பதும் தீவுக்காரர்களுக்குத் தெரிந்ததுதான். கப்பலேறியவையோ ஒரு சில வகைகள் மட்டும்.

1838இல் அடிமைமுறை முற்றாக ஒழிந்தது. தோட்டத்தை விட்டு வெளியேறியவர்கள் மலையில் சிறுசிறு ஊர்கள் கட்டினார்கள். சொந்தமாக ஒரு முற்றம், சொந்தமாக ஓர் அடுப்பு. ஈரப்பலா உணவானது அதற்குப் பிறகுதான். கரி நெருப்பில் முழுக்காயைப் போட்டு, தோல் கரியாகும்வரை புரட்டிப் புரட்டிச் சுட்டு, உரித்து, துண்டு போட்டு, மிஞ்சியதை மறுநாள் பொரிக்கும் வழக்கம் ஜமேக்காவில் வேரூன்றியது. செயின்ட் வின்சென்டில் சுட்ட ஈரப்பலாவும் பொரித்த மீனும் இன்று தேசிய உணவு. கிரெனடாவில் 'ஆயில் டவுன்' என்றொன்று இருக்கிறது: ஈரப்பலா, உப்பிட்ட இறைச்சி, கீரை, மஞ்சள், தேங்காய்ப் பால், எல்லாம் ஒரே பானையில், பால் வற்றி எண்ணெய் அடியில் தங்கும்வரை விடுவார்கள். முதலாளி பன்றிக்குப் போட்ட காய், பேரப்பிள்ளைகளின் கையில் தேசியக் கொடிக்குச் சமமாகிவிட்டது. இந்த மாற்றத்தைச் செய்த எந்தப் பெண்ணுக்கும் ஆயிரம் கினி கிடைக்கவில்லை.

எங்கள் இலங்கைக்கு ஈரப்பலா வந்தது வேறு வழியாக. காட்டில் இந்த நாட்டுக்கே உரிய ஓர் இனம் உண்டு. அதன் கொட்டையைத்தான் வறுத்துத் தின்பார்கள். வீட்டு முற்றத்தில் நிற்பது வெளியிலிருந்து வந்தது. ஒல்லாந்தர் காலத்தில் வந்ததென்று சொல்கிறார்கள். ஒல்லாந்தர் ஜாவாவையும் கொழும்பையும் சேர்த்து ஆண்டவர்கள், 1796இல் கொழும்பை ஆங்கிலேயரிடம் பறிகொடுத்தவர்கள். சிங்கள ஊர்களில் இதைப் பற்றி ஒரு கதை உலவுகிறது. கேகாலையில் எங்கள் பக்கத்து வீட்டுச் சிங்கள ஆச்சி அதை வழக்கு வென்றவர் மாதிரிச் சொல்லுவார். ஒல்லாந்தர் இந்த மரத்தை எங்கட ஆட்களைக் கொல்லத்தான் நட்டவர்களாம். காய் உடம்புக்குக் கடும் சூடு, தின்றால் வயிறு கெட்டுச் சாவார்களென்று பார்த்தார்களாம். வருடம் போய் வந்து பார்த்தால் ஊர் கொழுத்திருக்கிறதாம். "தேங்காய்ப் பால் விட்டா எந்தச் சூடும் அடங்கும் மகள், அது வெள்ளைக்காரனுக்குத் தெரியுமா?" என்று முடிப்பார்.

இப்படி ஒரு சதி நடந்திருக்க வாய்ப்பில்லை. ஆனாலும் இந்தக் கதையை நான் தள்ளிவிடுவதில்லை. மரத்தைக் கொண்டுவந்தவனுக்கு ஒரு நோக்கம் இருந்தது, அதைத் தோற்கடித்தது சமையலறை என்று அது சொல்கிறது. ஜமேக்காவில் ஐம்பது வருடத்தில் நடந்ததும் அதுதான்.

தேங்காய்ப் பால் விடுவதிலும் முறை உண்டு. கொக்கத்தடியால் பறித்த காயை உடனே வெட்டாமல், காம்பைக் கீழே சாய்த்து வைத்துப் பால் வடியவிட வேண்டும். கத்தியிலும் கையிலும் தேங்காயெண்ணெய் பூசாமல் வெட்டினால் பிசின் இரண்டு நாளைக்குப் போகாது. நாலாகப் பிளந்து, பஞ்சுபோன்ற நடுக்கட்டையைச் செதுக்கி, தோலைத் தடிப்பாகச் சீவி, துண்டுகளை மஞ்சள் தண்ணீரில் போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் கறுத்துவிடும். வெங்காயம், பச்சைமிளகாய், வெந்தயம், கறுவாப்பட்டை, ரம்பை, கறிவேப்பிலை போட்டுக் கப்பிப் பாலில் முதலில் அவிக்க வேண்டும். அகப்பைக் காம்பால் குத்தினால் துண்டு விட்டுக்கொடுக்க வேண்டும், உடையக்கூடாது. அப்போது நெருப்பைத் தணித்து முதற்பால். கொதித்தால் பால் திரிந்துவிடும், ஆகவே பக்கத்திலேயே நிற்க வேண்டும்.

இங்கே அது சோற்றுக்குக் கறியாகிப் போனது. சோறு இருக்கும் நாட்டில் பாணுக்குப் பதிலாக ஒரு மரம் தேவைப்படவில்லை. நாகர்கோவில் பக்கம் சீமைச்சக்கை என்று தேங்காய் வறுத்தரைத்துத் தீயல் வைக்கிறார்கள், அங்கேயும் அது சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளத்தான். காலைச் சாப்பாட்டுக்கு மட்டும் எங்கள் ஊரில் முற்றிய காயை வெறும் உப்புத் தண்ணீரில் அவித்து, தேங்காய்ப்பூவும் கட்டைச்சம்பலும் வைத்துச் சாப்பிடுவோம். 2022இல் அரிசி விலை ஏறி, எரிவாயுவுக்கு வரிசையில் நின்ற மாதங்களில் அந்தக் காலைச் சாப்பாடு பல வீடுகளில் மத்தியானச் சாப்பாடும் ஆனது. மூன்று கல் அடுப்பில், தென்னோலையும் சிரட்டையும் எரித்து அவித்தோம். யாரும் எங்களுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

இப்போது மறுபடியும் கன்றுகள் பயணம் போகின்றன. ஹவாயில் 2003இல் தொடங்கிய ஈரப்பலா ஆய்வு நிலையம் பசிபிக்கின் நூற்றுக்கு மேற்பட்ட வகைகளைச் சேர்த்து வைத்திருக்கிறது. திசு வளர்ப்புக் கன்றுகள் அங்கிருந்து கரீபியனுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் போயிருக்கின்றன. புவி சூடானாலும் ஈரப்பலா பெருமளவு தாக்குப்பிடிக்குமென்று 2022இல் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எழுதினார்கள். ஹெய்ட்டிக்குக் கன்று கொடுக்கும் அமைப்பு ஒன்று, காயைச் சீவி உலர்த்தி மாவாக்கும் கருவிகளையும் சேர்த்துக் கொடுக்கிறது. பிளையின் கப்பலோடு ஒப்பிட்டால் இது பெரிய முன்னேற்றம். ஆனாலும் கருவியோடு வேலை முடியாது. அந்த மாவில் என்ன சுடுவது, பிள்ளை அதை விரும்பித் தின்ன எதைச் சேர்ப்பது என்பதை ஹெய்ட்டியின் சமையற்காரிகள்தான் முடிவு செய்வார்கள். அவர்களை முதலிலேயே கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்டால் ஐம்பது வருடம் மிச்சம். நடுவதற்கு ஒரு மணி நேரம் என்று பேங்க்ஸ் கணக்குப் போட்டது சரிதான். அடுப்படியில் நிற்கிறவளின் நேரத்தையும் அதோடு கூட்டியிருக்க வேண்டும்.